அதிகாலை டீயில் வந்த சந்தோஷம்: இதைத்தான் பௌத்தம் பேரின்பம் என்கிறதா?

பதினெட்டுச் சக்கரம் (இழையைத் தொடங்கியவர்)
செவ்வாய், இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். 11 வருடமாக எண்ணூர் விரைவுச் சாலைதான் எனக்குத் திண்ணை, கூடம், சில நாள் படுக்கையறையும்கூட. துறைமுக வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யார் குற்றம் என்று பேச இங்கே வரவில்லை. வேறு ஒரு விஷயம்.

போன வாரம் வியாழக்கிழமை, விடியற்காலை மூன்றரை மணி. வண்டி நகர்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கிளீனர் பையன் பின்பலகையில் குறட்டை. என்ஜினை அணைத்துவிட்டேன். இடப்பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அதற்கு அப்பால் கடல். சைக்கிளில் கேன் கட்டிய டீக்காரர் வந்தார். இஞ்சி டீ, காகிதக் கோப்பை. கண்ணாடியை இறக்கி வாங்கி ஒரு வாய் குடித்தேன். அவ்வளவுதான். நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது. வீட்டுக்கடன் அப்படியே இருந்தது, மகளின் பள்ளிக் கட்டணம் அப்படியே இருந்தது, வரிசையும் அப்படியே இருந்தது. எனக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை. அலை கல்லில் மோதி உடையும் சத்தம் அந்த நேரத்தில்தான் முதல் தடவையாகக் காதில் விழுவதுபோல் இருந்தது.

ஐந்து நிமிடம் இருக்கலாம். "ஆகா, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்" என்று நினைத்தேன். நினைத்தவுடன் போய்விட்டது.

மறுநாள் வேண்டுமென்றே அதே இடத்தில் என்ஜினை அணைத்தேன். அதே டீக்காரர், அதே இஞ்சி. நாக்கு சுட்டதுதான் மிச்சம்.

பௌத்தத்தில் "இந்தக் கணத்தில் இரு, ஆனந்தம் தானாக வரும்" என்கிறார்கள் என்று செல்போனில் நிறைய வீடியோ வருகிறது. எனக்கு வந்தது அதுதானா? ஆம் என்றால் ஏன் நிற்கவில்லை? படித்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப் பணி
செவ்வாய், இரவு 11.35

அண்ணா, நான் செவிலியர். இரவுப் பணிக்காரர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். மூன்று மணிக்கு மேல் உடம்பு களைத்து மூளை வாயை மூடிக்கொள்ளும். அப்போது வரும். ஆராயாதீர்கள், வந்தால் வரட்டும்.

அந்த டீக்காரர் எந்த இடத்தில் நிற்பார்?

பெரம்பூர் வாத்தியார்
புதன், காலை 6.10

தம்பி, நல்ல கேள்வி. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பாலி மொழியை அறுபது வயதுக்கு மேல் தட்டுத்தடுமாறிக் கற்றவன். புலவர்கள் யாராவது இருந்தால் திருத்துங்கள்.

முதலில் ஒரு வேடிக்கை. தியானத்தில் எழும் மகிழ்ச்சிக்குப் பாலியில் என்ன சொல் தெரியுமா? பீதி. நாம் "மக்கள் பீதி" என்று செய்தித்தாளில் படிக்கும் அதே ஒலி. அங்கே அது பிரீதி என்பதன் திரிபு. இங்கே பயம். ஒரே எழுத்துகளை வைத்துக்கொண்டு அவர்கள் மகிழ்கிறார்கள், நாம் நடுங்குகிறோம்.

பீதி வேறு, சுகம் வேறு என்று பௌத்தர்கள் பிரித்தார்கள். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் விசுத்திமக்கம் என்ற தியான வழி நூலை எழுதிய புத்தகோசர் ஓர் உவமை தருகிறார். (இவர் நம் காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற துறவியோடு தங்கியிருந்தவர், அவருடைய உரைநூல் ஒன்றின் முடிவில் இருக்கிறது.) பாலைவனத்தில் தவித்துப்போன ஒருவன் காட்டோரத்தில் குளம் இருப்பதைக் காண்கிறான், அல்லது கேள்விப்படுகிறான். அப்போது எழுவது பீதி. அந்த நிழலுக்குள் போய் நீரைப் பருகும்போது வருவது சுகம்.

நமக்குப் பாலைவனம் எதற்கு? 2019ஐ நினைத்துப் பாருங்கள். புழல் ஏரி வெடித்துக் கிடந்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்தது. எங்கள் தெருவில் குடங்கள் வரிசையில் நின்றன. பச்சை, நீலம், ஊதா. சில குடங்களுக்குப் பதில் செருப்பும் செங்கல்லும் இடம் பிடித்திருந்தன. தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்கும். இன்னும் ஒரு சொட்டுகூட விழவில்லை, ஆனால் தெருவே எழுந்து நிற்கும், முகங்கள் மாறிவிடும். அதுதான் பீதி. கடைசிக் குடம் நிரம்பி, வீட்டுக்குள் கொண்டுவந்து இறக்கி, ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டு என் மனைவி சுவரில் சாய்ந்து உட்காருவாள். பேசமாட்டாள். அது சுகம்.

பீதியிலும் ஐந்து படி சொல்கிறார் புத்தகோசர். மயிர்க்கூச்செறிய வைப்பது, மின்னல்போல் வந்து போவது, கடலலை கரையில் மோதுவதுபோல் உடம்பின் மேல் மோதி மோதி உடைவது, ஆளையே தூக்குவது, ஊறி நிறைப்பது. நீங்கள் சொன்ன அலையைப் படித்ததும் எனக்கு மூன்றாவதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் உங்களுக்கு வந்தது இரண்டாவதாக இருக்கலாம். மின்னலை மறுநாள் அதே இடத்தில் தேடினால் கிடைக்குமா?

தலைப்பில் பேரின்பம் என்று போட்டிருக்கிறீர்கள். அது இல்லை. பௌத்தத்தில் அந்தச் சொல்லுக்கு உரிய இடம் வேறு. அதற்காக உங்களுக்கு வந்ததைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவும் மாட்டேன்.

முகத்துவாரம்
புதன், காலை 9.02

மன்னிக்கவும் வாத்தியார் ஐயா, இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நான் எண்ணூர் கழிமுகத்தில் பிறந்தவன். எங்கள் குப்பத்தில் "இந்தக் கணம்" என்றால் ஆற்றில் சாம்பல், வலையில் பிளாஸ்டிக், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்து படகுகளின் மேல் அப்பிய எண்ணெய். அதே மாதக் கடைசியில் அம்மோனியா கசிந்து நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "மூச்சைக் கவனி" என்கிறார்கள். கவனித்தோம். நாறியது.

இருக்கிற நிலைமையில் மனதை மட்டும் சரி செய்துகொள் என்பது யாருக்கு வசதி? வரிசையில் பத்து மணி நேரம் நிற்கும் ஓட்டுநர் ஐந்து நிமிடம் ஆனந்தப்பட்டுவிட்டால் மீதி நேரத்தைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம் அல்லவா? அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவியது டீ குடித்து மெய்மறக்கவா?

ட்ரெய்லர் தோழர் மேல் கோபம் இல்லை. அந்த வீடியோக்கள் மேல்தான்.

ஒற்றியூரான்
புதன், பகல் 1.20

இவ்வளவு சுற்றுவானேன்? "சும்மா இரு" என்று அருணகிரிநாதருக்கு ஒரே சொல்லில் கிடைத்துவிட்டது. திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராக அலைந்தவர். எந்த இடத்தில் அந்தக் கரும்பின் நுனி இனிக்கிறதோ அங்கேதான் முக்தி என்பது கதை. ஒற்றியூரில் இனித்தது. உங்கள் வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடந்து போகும் தூரம், தம்பி. பாலி படிக்க வேண்டியதில்லை.

பெரம்பூர் வாத்தியார்
புதன், இரவு 8.45

ஒற்றியூராருக்கு: கரும்புக் கதை எனக்கும் பிடிக்கும். கசந்துகொண்டே இருந்த அதே கரும்பு ஓரிடத்தில் இனித்தது என்பது இந்த இழைக்கே பொருத்தமானதுதான். ஆனால் பேரின்பம் என்ற சொல்லைச் சைவத்துக்கு மட்டும் பட்டா போட்டுக்கொள்ளாதீர்கள். மணிமேகலையில், மாதவி தன் தோழி வயந்தமாலையிடம் அறவண அடிகளிடம் கேட்டதைச் சொல்கிறாள்: "பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம், பிறவார் உறுவது பெரும்பேரின்பம், பற்றின் வருவது முன்னது, பின்னது அற்றோர் உறுவது அறிக." கோவலனைப் பறிகொடுத்த பெண், ஊரே அலர் தூற்றும்போது, இந்திர விழாவில் ஆட மாட்டேன் என்பதற்குச் சொல்லும் காரணம் இது. காட்டில் கண்ணை மூடி உட்கார்ந்தவர் சொன்னதில்லை.

முகத்துவாரத்துக்கு: உங்கள் கோபத்தில் பாதியைப் புத்தரே ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். நிப்பானமே (நிர்வாணம்தான்) உயர்ந்த சுகம் என்ற வரியை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். தம்மபதத்தில் அது 203ஆம் பாட்டு. அந்தப் பாட்டின் முதல் வரியை யாரும் சொல்வதில்லை. பசியே நோய்களில் பெரிது என்று தொடங்குகிறது. அதற்கு உரைகாரர்கள் தரும் கதை: ஆளவி என்னும் ஊருக்குப் புத்தர் வருகிறார். அவர் பேச்சைக் கேட்க நினைத்த ஏழை உழவன் ஒருவனின் மாடு அன்று காலை காணாமல் போகிறது. மதியம்வரை தேடிப் பிடித்துக் கட்டிவிட்டு, பட்டினியோடு ஓடி வருகிறான். புத்தர் அதுவரை பேசாமல் காத்திருக்கிறார். அவன் வந்ததும் "மீதி உணவு இருக்கிறதா? இவனுக்குப் போடுங்கள்" என்கிறார். அவன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேச்சு. கூட இருந்த துறவிகளே முணுமுணுத்தார்களாம், ஒரு ஆளுக்குச் சோறு போடச் சொல்லி இப்படி எப்போதாவது செய்திருக்கிறாரா என்று.

நம் சாத்தனார் இதைத்தான் "பசிப்பிணி என்னும் பாவி" என்றார். காப்பிய நாயகியின் கையில் அட்சய பாத்திரம், அவள் சிறைக்கோட்டத்தைக்கூட அறக்கோட்டமாக மாற்றினாள். இந்த ஊரிலும் அந்த மரபு அறுபடவில்லை. அயோத்திதாசர் 1898இல் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியதும், 1907இல் காலணாவுக்கு, அதாவது ஒரு பைசாவுக்குப் பத்திரிகை போட்டதும் மக்களைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வதற்கு இல்லை. அதே 1907இல் லட்சுமி நரசு, கல்லூரியில் அறிவியல் கற்பித்தவர், பௌத்தத்தின் சாரம் பற்றி ஒரு நூல் எழுதினார். 1948இல் அதன் மூன்றாம் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் அம்பேத்கர்.

ஆகவே நீங்களும் தம்பியும் எதிரெதிர்க் கட்சி அல்ல.

முகத்துவாரம்
புதன், இரவு 9.15

உழவன் கதை தெரியாது. நன்றி ஐயா. ஆனால் மாட்டைக் காணாமல் ஆக்கியது யார் என்று அந்தக் கதையில் யாரும் கேட்கவில்லை.

ரங்கூன் பேத்தி
வியாழன், காலை 7.30

நான் நடுவில் நுழையலாமா? எனக்குச் சூத்திரம் எதுவும் தெரியாது. எங்கள் ஆயா 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, நகையைத் துறைமுகத்தில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஒரு பாயும் இரண்டு பாத்திரமும் வயிற்றில் என் அப்பாவுமாக இறங்கியவர். வியாசர்பாடியில் எங்களுக்கு அத்தோ வண்டி இருக்கிறது. ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, இன்னும் கலப்பது அவர்தான்.

அத்தோவைக் கரண்டியால் கலக்கக்கூடாது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை, எல்லாம் போட்டு விரலால் அள்ளி அள்ளி விடவேண்டும். நான் கலக்கும்போது வாடிக்கையாளரிடம் பேசுவேன், செல்போனைப் பார்ப்பேன். ஆயா கையைத் தட்டிவிடுவார். "பேசிக்கொண்டே கலந்தால் உப்பு இரண்டு தடவை விழும்." அவர் கலக்கும்போது பாருங்கள், ஏதோ குழந்தையின் தலைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல் இருக்கும். முகத்தில் ஒன்றும் இருக்காது. சிரிப்பும் இருக்காது, சலிப்பும் இருக்காது. அதை ஆனந்தம் என்று சொல்லலாமா என்று இந்த இழையைப் படித்த பிறகுதான் யோசித்தேன்.

இன்னொன்று. யாருக்காவது நல்லது நடந்தது என்று கேட்டால் ஆயா கையைக் கூப்பி "தாது, தாது, தாது" என்பார். சின்ன வயதில் பர்மிய மொழியில் ஏதோ திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டுக்காரர் மாடி கட்டியபோதும் அதையே சொன்னார். எங்களுக்கும் அவர்களுக்கும் அப்போது பேச்சுவார்த்தையே கிடையாது! வாத்தியார் ஐயா, இதற்கு என்ன பொருள்?

பெரம்பூர் வாத்தியார்
வியாழன், காலை 8.05

பாலியில் அது "சாது". நன்று, நன்று என்று பொருள். பர்மியர்கள் வாயில் "தாது" ஆகிவிடும். நாம் அந்தச் சொல்லை வாங்கி, எதிர்த்துப் பேசாத ஆளுக்குப் பட்டமாக வைத்துவிட்டோம்.

பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வதற்கு முதிதை என்று பெயர். அன்பு, இரக்கம், முதிதை, சமநிலை என்று வளர்க்கவேண்டிய மனநிலைகள் நான்கு. முதல் இரண்டும் எளிது. கஷ்டப்படுகிறவனைப் பார்த்து இரங்குவதில் நமக்கு ஒரு படி உயரமாவது கிடைக்கிறது. எதிர் வீட்டில் மாடி எழும்போது அதுவும் கிடைக்காது. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குத் தாது சொன்ன உங்கள் ஆயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இரவுப் பணி
வியாழன், பகல் 2.40

முதிதைக்கு என் கணக்கில் ஒன்று. பிரசவ வார்டில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அந்த ஓட்டுநர் போகாமல் வாசலிலேயே நின்றார். உறவு இல்லை. ஸ்டாண்டில் நின்றவர், அவ்வளவுதான். குழந்தை அழும் சத்தம் வெளியே கேட்டதும் அவர் ஏதோ தன் வீட்டு வாரிசு பிறந்ததுபோல் தலையில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாடகை வாங்கினாரா என்றுகூடத் தெரியவில்லை.

பத்து நாள் மௌனி
வெள்ளி, இரவு 11.10

இழையைத் தொடங்கியவருக்கு மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் "மறுநாள்" எனக்கு நன்றாகத் தெரியும்.

கோயங்கா மரபின் பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்குத் திருமுடிவாக்கம் போனேன். (இவரும் பர்மாக்காரர்தான். மாண்டலேயில் பிறந்து, ஊ பா கின்னிடம் கற்று, 1969இல் இந்தியா வந்தவர். ரங்கூன் பேத்தி ஆயாவிடம் கேளுங்கள், பெயர் தெரிந்திருக்கலாம்.) விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். பேச்சு கிடையாது, செல்போன் கிடையாது. முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு மட்டும். நான்காம் நாளிலிருந்து உடம்பு முழுக்க என்ன உணர்வு எழுகிறது என்று தலையிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டே போகவேண்டும். ஐந்தாம் நாள் முழங்காலைக் கழற்றி வைத்துவிட்டு ஓடிவிடலாம் போல் இருந்தது.

ஆறாம் நாள் மாலை வந்தது. உடம்பு என்ற கெட்டியான பொருளே இல்லை. கோலி சோடாவைத் திறந்ததும் மேலே ஓடிவருமே, அந்த மாதிரிக் குமிழிகள் உச்சந்தலைவரை. அழுதுவிட்டேன். புத்தராகிவிட்டேன் என்றே நினைத்தேன், சிரிக்காதீர்கள்.

ஏழாம் நாள் முழுவதும் அதைத் தேடினேன். அப்படி உட்கார்ந்தேன், இப்படி உட்கார்ந்தேன், ஆறாம் நாள் போட்ட சட்டையையே போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முழங்கால் வலிதான் வந்தது. கூடவே இன்னொரு வலி, வரவில்லையே என்று. ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் என் சோடாவில் எந்த அக்கறையும் காட்டவில்லை. "நேற்று இனிமையாக இருந்தது, இன்று வலிக்கிறது. இரண்டில் எது வந்தபோது உங்கள் மனம் ஆடாமல் இருந்தது?" என்று கேட்டார். இரண்டிலும் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு படித்தபோது தெரிந்தது. தியானத்தில் நான்கு படிகள் சொல்கிறார்கள். முதல் இரண்டிலும் பீதியும் சுகமும் உண்டு. மூன்றாவதில் பீதி உதிர்ந்துவிடுகிறது, அமைதியான சுகம் மட்டும். நான்காவதில் அந்தச் சுகமும் இல்லை. நாம் மாடிப்படியின் முதல் படியிலேயே பாய் விரித்துப் படுக்கப் பார்க்கிறோம்.

பெரம்பூர் வாத்தியார்
சனி, காலை 6.30

மௌனி சொன்னதோடு ஒன்று சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் சந்தோஷமே குற்றம் என்று தம்பி நினைத்துவிடுவார்.

புத்தர் ஞானம் பெறுவதற்கு முன் ஆறு வருடம் உடலை வதைத்தார். விலா எலும்பு தெரிந்தது, முன்வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு தட்டுப்பட்டதாம். பயன் இல்லை. அப்போது ஒரு பழைய நினைவு வருகிறது. சிறுவனாக இருந்தபோது அப்பா வயலில் வேலையாக இருக்கிறார், இவர் ஒரு நாவல் மரத்து நிழலில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அப்போது எந்த முயற்சியும் இல்லாமல் மனம் முதல் தியானத்துக்குள் நழுவியது. அதை நினைத்துத் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார்: ஆசையோடும் தீமையோடும் ஒட்டாத அந்தச் சுகத்துக்கு நான் ஏன் பயப்படுகிறேன்? பயப்படவேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான் சோறு சாப்பிடுகிறார். பார்த்தீர்களா, இங்கேயும் சோறு. ஞானத்துக்கு வழி திறந்தது ஒரு சிறுபையனின் காரணமில்லாத சந்தோஷம். அது நாவல் மரம், உங்களுடையது டீக் கேன்.

"இந்தக் கணம்" பற்றிய வீடியோக்களுக்கும் ஒரு சொல். புத்தர் உரைகளின் தொகுப்பான மச்சிம நிகாயத்தில் 131ஆம் சூத்திரம் இதைப் பற்றியதுதான். போனதன் பின்னால் ஓடாதே, வராததற்கு ஏங்காதே, இப்போது எழுவதை அங்கங்கே தெளிவாகப் பார் என்கிறது. வீடியோக்கள் இங்கேயே கடையைக் கட்டிவிடுகின்றன. சூத்திரம் மேலே போகிறது: செய்யவேண்டியதை இன்றே செய், நாளை சாவு வராது என்று யாருக்குத் தெரியும்? ரசித்துக்கொண்டு உட்காரு என்று அதில் இல்லை. நிகழ்காலத்துக்குள்ளும் இழுபட்டுப் போகாதே என்றும் சொல்கிறது. இப்போது தோன்றும் இந்த உடலையும் உணர்வையும் "நான்", "என்னுடையது" என்று எடுத்துக்கொள்வதுதான் அந்த இழுபடல். நேற்றையும் நாளையையும் விட்டுவிட்டு இன்றையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதும் பிடிதானே? "எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்" என்று நினைத்ததும் போய்விட்டது என்றீர்கள். அந்த வாக்கியத்தில் சந்தோஷத்தோடு "இருக்கிறேன்" என்று ஒரு ஆளும் ஏறிக்கொண்டார், அவ்வளவுதான் நடந்தது.

ஒற்றியூரான்
சனி, காலை 9.50

இதைத்தானே ஐயா நாங்கள் ஆணவ மலம் என்கிறோம்.

பெரம்பூர் வாத்தியார்
சனி, காலை 9.58

நீங்கள் அதைக் கழுவிவிட்டு ஆன்மாவைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வீர்கள். பௌத்தர்கள் அதையும் கேள்வி கேட்பார்கள். அந்தச் சண்டை ஆயிரத்தைந்நூறு வருடப் பழசு, காப்பியத்திலேயே இருக்கிறது. இன்று வேண்டாம். சாயங்காலம் நடைக்கு வருகிறீர்களா?

முகத்துவாரம்
சனி, இரவு 10.20

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

2017 ஜனவரி 28, எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கரையெல்லாம் ஒதுங்கியது. கெட்டித் தார் மாதிரி, அள்ளினால் வழுக்கும். வாளியில்தான் அள்ளினோம். பாறைமேல் வரிசையாக நின்று, வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பினோம். கல்லூரிப் பிள்ளைகள், மீனவர்கள், யார் என்றே தெரியாதவர்கள். காலையில் போனபோது எனக்கு இருந்த கோபத்தில் யாரையாவது அடித்திருப்பேன். மதியம் வாக்கில் என்ன ஆனது என்றால், ஒன்றும் ஆகவில்லை. வலக்கையில் வாளி வரும், இடக்கையால் போகும். வரும், போகும். எனக்கு இடப்பக்கம் நின்ற பையனின் கண்ணாடியில் ஒரு சொட்டு எண்ணெய் ஒட்டியிருந்தது, அவன் துடைக்கவே இல்லை. அந்த ஒரு மணி நேரம்போல் நான் வாழ்க்கையில் நிம்மதியாக இருந்ததில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது. கடல் செத்துக்கொண்டிருக்கும்போது நிம்மதியா என்று அன்று இரவு என்னையே திட்டிக்கொண்டேன்.

கோபம் போய்விட்டது என்று சொல்லவில்லை. மறுநாள் மனு எழுதினேன், இன்றும் எழுதுகிறேன். அந்த ஒரு மணி நேரம் இல்லாவிட்டால் இத்தனை வருடம் எழுதியிருப்பேனா என்பது வேறு கேள்வி. வாத்தியார் ஐயா, இதற்கும் பாலியில் ஒரு சொல் இருக்கும். தயவுசெய்து இப்போது சொல்லாதீர்கள்.

பெரம்பூர் வாத்தியார்
சனி, இரவு 10.31

சொல்லவில்லை.

ரங்கூன் பேத்தி
ஞாயிறு, காலை 7.15

ஆயாவுக்குப் படித்துக் காட்டினேன். வாளி வந்த இடத்தில் தாது சொன்னார். மூன்று தடவை. கோயங்காவைத் தெரியாதாம், ஆனால் மாண்டலேயில் மொய்ங்கோ சூப் நன்றாக இருக்கும் என்றார்.

நெறியாளர்
ஞாயிறு, பகல் 12.00

நடுவில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். "ஏழு நாளில் ஆனந்தம், கட்டணம் தனி" வகை விளம்பரங்களுக்கு இங்கே இடம் இல்லை.

பதினெட்டுச் சக்கரம்
அடுத்த வியாழன், விடியற்காலை 4.05

வரிசையிலிருந்துதான் எழுதுகிறேன். எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

மாதவி சொன்ன வரியில் "பற்றின் வருவது" என்பதில் எனக்கு ஒன்று பட்டது. எங்கள் தொழிலில் பற்று என்றால் முதலாளியிடம் முன்கூட்டியே வாங்கிய பணம். பற்று வரவு நோட்டில் இடப்பக்கம் ஏறிக்கொண்டே போகும். டீசல் பற்று, சாப்பாட்டுப் பற்று, தீபாவளிப் பற்று. மாதக் கடைசியில் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். இரண்டாவது நாள் நான் அந்த டீயை வாங்கியது பற்றில்தான். குடிக்கும் முன்பே இவ்வளவு சந்தோஷம் வரவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டேன். முதல் நாள் நோட்டையே திறக்கவில்லை. சாத்தனார் எந்தப் பற்றைச் சொன்னாரோ எனக்குத் தெரியாது, தப்பாக இருந்தால் வாத்தியார் ஐயா மன்னிக்கவும்.

முகத்துவாரம் அண்ணனுக்கு: வரிசையைப் பற்றி நாங்களும் மனு கொடுத்திருக்கிறோம். சாலையோரத்தில் ஓட்டுநர்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று முதல் கோரிக்கை. உங்களுக்கு எழுத வரும் என்றால் அடுத்த மனுவைப் பார்த்துத் தரவேண்டும்.

இரவுப் பணி அக்கா, டீக்காரர் மூன்று மணிக்கு மேல் திருவொற்றியூர்ப் பக்கம் கடலோரமாக வருவார். குறிப்பிட்ட இடம் கிடையாது, வரிசை எங்கே நிற்கிறதோ அங்கே.

இன்னொரு விஷயம். வாத்தியார் எழுதிய தண்ணீர் லாரியை என் கிளீனர் பையனுக்குப் படித்துக் காட்டியது தப்பாகிவிட்டது. இப்போது சைக்கிள் மணி கேட்டாலே "அண்ணா, பீதி வருகிறது, பீதி வருகிறது" என்று கத்துகிறான். நேற்று முன் வண்டிக்காரர் போலீஸ் வருகிறது என்று நினைத்து, தூக்கத்திலிருந்து எழுந்து என்ஜினைப் போட்டுவிட்டார்.